சிஸ்கோ சாதி வழக்கின் கேஸ் கட்டு: சாண்டா கிளாரா கவுன்டி நீதிமன்றத்தில் தேடுவதும் படிப்பதும்

"சிஸ்கோ கேஸ் வாபஸ் ஆகிவிட்டதாமே?" 2023 ஏப்ரலில் அமெரிக்கத் தமிழர்களின் வாட்ஸப் குழுக்களில் இந்தப் பேச்சு ஓடியது. "யார் சொன்னது, கேஸ் அப்படியே நிற்கிறது" என்று அடித்துச் சொன்னவர்களும் இருந்தார்கள். ரெண்டு தரப்பு சொன்னதிலும் பாதி உண்மை. சாதிப் பாகுபாடு காட்டியதாக, சிஸ்கோ என்ற கணினி வலையமைப்பு நிறுவனத்தின் இரண்டு மேலாளர்கள் மீது தனிப்பட்ட முறையில் போட்டிருந்த வழக்கைக் கலிஃபோர்னியா அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது. சிஸ்கோ நிறுவனத்தின் மீதான வழக்கை விடவில்லை. இதைத் தெரிந்துகொள்ள எந்தச் செய்தியாளரையும் எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை, ஏனென்றால் கேஸ் கட்டு கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகர நீதிமன்றத்தில் பொதுமக்கள் யாரும் பார்க்கும்படி இருந்தது. ஆனால் அதைத் திறந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு.

இந்த ஒரு வழக்கை வைத்துக்கொண்டு, ஒரு கவுன்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) சிவில் நீதிமன்றப் பதிவுகளை எப்படித் தேடுவது, எப்படிக் கேட்டு வாங்குவது, வாங்கியதை எந்த வரிசையில் படிப்பது என்று பார்க்கலாம். மாதிரிக்கு இதைவிட நல்ல வழக்கு கிடைக்காது. ஒரே தகராறு மூன்று நீதிமன்றங்களில் வெவ்வேறு பெயர்களில் கிடக்கிறது, நடுவில் வாதியின் பெயரே மாறிவிட்டது, பாதிக்கப்பட்டதாகச் சொல்பவரின் பெயர் எங்கேயும் இல்லை. தேடுபவருக்கு வரக்கூடிய சிக்கல் எல்லாம் இதில் வந்துவிடும்.

முதலில் கதைச் சுருக்கம். 2020 ஜூன் 30 அன்று கலிஃபோர்னியாவின் நியாய வேலைவாய்ப்பு, வீட்டுவசதித் துறை சான் ஹோசேயில் உள்ள ஃபெடரல் மாவட்ட நீதிமன்றத்தில் சிஸ்கோ மீதும் இரு மேலாளர்கள் மீதும் வழக்குப் போட்டது. தலித் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பொறியாளரை, இந்தியாவிலிருந்து வந்தவர்களே நிறைந்திருந்த ஒரு குழுவில், சாதி காரணமாக ஒதுக்கினார்கள், புகார் கொடுத்த பிறகு பழிவாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. 2016-ல் அவர் ஐ.ஐ.டி.யில் இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்று மேலாளர் சக ஊழியர்களிடம் சொன்னதாகவும், அவர் மனிதவளப் பிரிவில் புகார் செய்தபோது சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் இல்லை என்று பதில் வந்ததாகவும் பிராது சொல்கிறது. எதிர்த்தரப்பு இதையெல்லாம் மறுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் துறை ஃபெடரல் வழக்கைத் தானாகவே திரும்பப் பெற்று, மாநிலச் சட்டத்தின் கீழ் சாண்டா கிளாரா கவுன்டி மேல்நிலை நீதிமன்றத்தில் புதிதாகப் போட்டது. இணையத்தில் இன்றும் எல்லோரும் மேற்கோள் காட்டும் பிராது பெரும்பாலும் அந்தப் பழைய ஃபெடரல் பிராதுதான், அதாவது உயிரோடு இல்லாத ஒரு வழக்கின் தாள்! கட்டுரை எழுதுகிறவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை.

எந்த வாசலில் போய்க் கேட்பது

கவுன்டி நீதிமன்றம் என்று நாம் பேச்சுவழக்கில் சொன்னாலும் கலிஃபோர்னியாவில் அது கவுன்டி அரசின் அலுவலகம் இல்லை. 58 கவுன்டிகளிலும் ஆளுக்கு ஒரு மேல்நிலை நீதிமன்றம் உண்டு. 1997-ல் வந்த சட்டத்துக்குப் பிறகு அவற்றுக்குப் பணம் கொடுப்பது மாநிலம். கவுன்டியில் பதிவாளர் அலுவலகம் என்று ஒன்று தனியாக இருக்கிறது, நம் ஊர் சப் ரிஜிஸ்திரார் ஆபீஸ் மாதிரி: வீட்டுப் பத்திரம், திருமணப் பதிவு, கடைப் பெயர்ப் பதிவு எல்லாம் அங்கே. சிவில் வழக்குத் தாள் ஒன்றுகூட அங்கே கிடையாது. கவுன்டியின் இணையதளத்தில் போய்த் தேடி, ஒன்றும் இல்லையே என்று திரும்புபவர்கள் நிறையப் பேர்.

இன்னொரு தவறான வாசல், மாநிலத்தின் பொதுப் பதிவுகள் சட்டம். நம் தகவல் உரிமைச் சட்டத்தின் அமெரிக்க அண்ணன் இதுதான் என்று நினைத்து, அந்தச் சட்டத்தைச் சுட்டி நீண்ட கடிதம் எழுதி, பத்து நாளில் பதில் வேண்டும் என்று கெடு வைப்பவர்கள் உண்டு. அந்தச் சட்டம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. நீதிமன்றத்தின் நிர்வாகக் காகிதங்கள், அதாவது செலவுக் கணக்கு, ஒப்பந்தம் இந்த மாதிரி விஷயங்களைக் கேட்க நீதிமன்ற விதி 10.500 என்று தனியாக ஒன்று 2010 முதல் இருக்கிறது. கேஸ் கட்டுக்கு இரண்டுமே தேவையில்லை. விதி 2.550 ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறது: சட்டம் ரகசியம் என்று சொல்லாத வரையில் நீதிமன்றப் பதிவுகள் திறந்தவை என்றே கொள்ள வேண்டும். நீங்கள் யார், எதற்குக் கேட்கிறீர்கள் என்று கவுன்ட்டரில் கேட்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் நகல் மனுப் போட்டுப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். அங்கே மூன்றாம் நபர் ஏன் வேண்டும் என்று அஃபிடவிட் போட்டாக வேண்டும், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டாலும் கிடைக்காது, நீதிமன்ற விதிப்படிதான் கேட்க வேண்டும் என்று குஜராத் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2020 மார்ச்சில் சொல்லிவிட்டது.

சரி, எந்தக் கவுன்டி? பிரதிவாதி நிறுவனம் எங்கே இருக்கிறது, சம்பவம் எங்கே நடந்தது என்பதை வைத்துப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். சிஸ்கோவின் தலைமையகம் சான் ஹோசேயில், டாஸ்மன் சாலையில் இருக்கிறது. சான் ஹோசே சாண்டா கிளாரா கவுன்டியின் தலைநகரம். ஆக, சாண்டா கிளாரா மேல்நிலை நீதிமன்றம்; அதன் சிவில் பிரிவு வட முதல் தெரு 191-ல் உள்ள டவுன்டவுன் கட்டடம். ஃப்ரீமான்ட்டில் நடந்திருந்தால் அலமேடா கவுன்டி, ரெட்வுட் சிட்டியில் நடந்திருந்தால் சான் மட்டேயோ. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஒரு பாலம் தாண்டினால் கவுன்டி மாறிவிடும், கவுன்டி மாறினால் போர்ட்டலும், அதாவது வழக்குகளைத் தேடும் நீதிமன்ற இணையதளமும், மாறிவிடும். எல்லாக் கவுன்டிக்கும் சேர்த்து ஒரே தேடல் என்று மாநிலத்தில் ஒன்று கிடையாது, தனியார் நிறுவனங்கள் காசுக்குக் கொடுப்பதைத் தவிர. கட்டணத்திலும் கவுன்டிக்குக் கவுன்டி வித்தியாசம் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் பெயரை வைத்துத் தேடவே பணம் கட்ட வேண்டும். சாண்டா கிளாரா இதில் தாராளம், சிவில் வழக்குகளின் தாள்களைப் போர்ட்டலிலேயே இலவசமாகப் பார்க்கலாம்.

பெயரை வைத்துத் தேடினால்

வழக்கு எண் கையில் இருந்தால் வேலை சுலபம். 20 சி.வி. 372366. முதல் இரண்டு இலக்கம் ஆண்டு, நடுவில் சிவில் என்பதற்கான எழுத்து, பிறகு வரிசை எண். எண் தெரியாதவர்களுக்குத்தான் இந்த வழக்கு நல்ல பயிற்சி.

பாதிக்கப்பட்டவர் பெயரைப் போட்டால் வராது. அவர் வழக்கின் தரப்பே இல்லை. வாதி அரசுத் துறை. தாள்களில் அவர் ஜான் டோ, அதாவது பெயர் வெளியிடாதவருக்கு வைக்கும் புனைபெயர். இங்கே ஒரு குழப்பம் வேறு இருக்கிறது. கலிஃபோர்னியப் பிராதுகளில் பிரதிவாதிகள் பட்டியலின் கடைசியில் "டோ 1 முதல் 10 வரை", "டோ 1 முதல் 50 வரை" என்று எழுதுவது வழக்கம். அது பெயர் மறைத்தவர்களைக் குறிப்பதில்லை. பின்னால் யாராவது புதுப் பிரதிவாதி தெரியவந்தால் சேர்த்துக்கொள்ள, சிவில் நடைமுறைச் சட்டத்தின் 474-ஆம் பிரிவு கொடுக்கும் காலி நாற்காலிகள். டோ என்று தேடிப் பார்த்து ஆயிரக்கணக்கில் வந்து விழுவதைப் பார்த்து மிரள வேண்டாம்.

வாதியின் பெயரைப் போட்டுத் தேடலாம் என்றால் அதிலும் ஒரு கண்ணி. 2022 ஜூலையில் அந்தத் துறைக்கு குடிமை உரிமைகள் துறை என்று பெயர் மாறியது. பழைய தாள்கள் பழைய பெயரில், புதியவை புதிய பெயரில். துறை போட்ட வழக்கு எதுவானாலும் இரண்டு பெயரிலும் தேடிப் பார்க்க வேண்டும். சிஸ்கோ என்று போட்டாலோ, பெரிய நிறுவனம் என்பதால், சம்பந்தமில்லாத வழக்குகள் கூடவே வரும். தாக்கல் செய்த ஆண்டையும் வழக்கு வகையையும் வைத்து வடிகட்டினால்தான் கைக்குள் அடங்கும்.

தனி நபர்கள் வழக்கைத் தேடும்போது நம்மவர்களின் பெயர் ஒரு தனித் தொல்லை. இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசிப் பெயர் ஆக்கியவர், கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்டவர், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்ததால் விசாவில் முதல் பெயருக்குப் பதில் எஃப்.என்.யூ. (முதல் பெயர் தெரியவில்லை) என்று மூன்று எழுத்து விழுந்தவர், எல்லோரும் நீதிமன்றக் குறியீட்டுப் பட்டியலில் எப்படிப் பதிவானார்களோ அப்படித்தான் கிடைப்பார்கள். முன்பின்னாக மாற்றியும், எழுத்துக்கூட்டலை நாலு விதமாகப் போட்டும் பார்க்க வேண்டும். அப்புறம் ஒன்று: கிடைத்த பெயர் நீங்கள் தேடுகிற ஆள்தான் என்பதற்குப் பட்டியல் உத்தரவாதம் தராது, அதில் பிறந்த தேதி கிடையாது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை விசாரிக்கிறேன் என்று இதில் இறங்குகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். தாளைத் திறந்து முகவரி, வேலை, வக்கீல் என்று நாலு விவரம் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் ஒருவரைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

கட்டைப் பிரித்தால்

வழக்கைத் திறந்ததும் முதலில் வருவது நடவடிக்கைப் பதிவேடு. தேதி, தாளின் பெயர், யார் தாக்கல் செய்தது என்று வரிசையாக ஒரு பட்டியல். பலர் இதை விட்டுவிட்டு நேரே பிராதுக்குப் போய் நாற்பது பக்கத்தைப் படித்துக் கோபப்பட்டு முடித்துவிடுகிறார்கள். என் கருத்தில் பதிவேட்டை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதுதான் பாதி வேலை. எந்த மனு போட்டார்கள், எதிர்ப்பு வந்ததா, அதற்குப் பதில் வந்ததா, நீதிபதி உத்தரவு எந்தத் தேதி, நடுவில் ஏன் ஒரு வருஷம் எதுவுமே இல்லை என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். சிஸ்கோ வழக்கில் அந்த இடைவெளிக்குக் காரணம் மேல்முறையீடு. பதிவேட்டின் மௌனத்தைப் பார்த்துத்தான் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலும் தேட வேண்டும் என்பதே பலருக்குத் தோன்றும்.

கலிஃபோர்னியா பிராதின் முதல் பக்கத்தைப் பார்த்துப் பழகிக்கொள்வது நல்லது. இடது ஓரத்தில் 1 முதல் 28 வரை வரி எண்கள் அச்சாகியிருக்கும். முதல் வரியில் தொடங்கி வக்கீலின் பெயர், முகவரி. எட்டாவது வரியில் நீதிமன்றத்தின் பெயர். அதற்குக் கீழே இடப்பக்கம் வாதி, பிரதிவாதி. வலப்பக்கம் வழக்கு எண். வலது மேல்மூலையைக் காலியாக விட்டிருப்பார்கள், நீதிமன்ற முத்திரைக்காக. மின்வழியில் தாக்கலானது என்றால் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த எழுத்தர் சரிபார்த்தார் என்பது வரை அந்த முத்திரையில் இருக்கும். முத்திரை இல்லாத பிராது இணையத்தில் எங்கே கிடைத்தாலும் அது தாக்கலான தாள் என்று நம்பாதீர்கள், வரைவாக இருக்கலாம். மேற்கோள் காட்டும்போது பக்க எண்ணோடு வரி எண்ணையும் கொடுத்துவிட்டால் யாரும் உங்களோடு வீண் சண்டைக்கு வர முடியாது.

பிராதோடு முகப்புப் படிவம் ஒன்று இருக்கும், சி.எம்.-010. ஒரே பக்கத்தில் கட்டம் கட்டமாக இருப்பதால் யாரும் சீந்துவதில்லை, ஆனால் வழக்கு எந்த வகை, கேட்பது பணமா உத்தரவா, எத்தனை வழக்குமூலம் (வழக்குக்கான சட்டக் காரணம்) என்பதையெல்லாம் அரை நிமிடத்தில் சொல்லிவிடும். தொகை 35,000 டாலருக்கு மேலா கீழா என்பதை வைத்து வரம்பற்ற சிவில், வரம்புக்குட்பட்ட சிவில் என்று பிரிப்பதும் அதில்தான். 2024-க்கு முன் அந்த வரம்பு 25,000.

வாபஸ் குழப்பத்துக்கு வருவோம். வழக்கைத் திரும்பப் பெற இங்கே ஒரு படிவம் இருக்கிறது, சி.ஐ.வி.-110. அதன் முதல் பகுதியில் இரண்டு கேள்வி. மறுபடி போட முடியாதபடி விலகுகிறீர்களா, போடும் உரிமையோடு விலகுகிறீர்களா என்பது ஒன்று. எதிலிருந்து விலகுகிறீர்கள் என்பது அடுத்தது: பிராது, எதிர்வழக்கு, எல்லாத் தரப்பும் எல்லா வழக்குமூலமும் சேர்ந்த முழு வழக்கு, கடைசியாக "வேறு" என்று ஒரு கட்டம், பக்கத்தில் எழுதிக் குறிப்பிட இடம். சில பிரதிவாதிகளை மட்டும் விடுவிப்பதாக இருந்தால் அந்த இடத்தில் எழுதியிருக்கும். பதிவேட்டில் இந்த விவரம் எல்லாம் வராது, வாபஸ் கோரிக்கை என்று ஒரு வரிதான் இருக்கும். அந்த ஒரு வரியை மட்டும் பார்த்தவர் வழக்கே முடிந்தது என்று சொல்லிவிடுவார். படிவத்தைத் திறந்து, எந்தக் கட்டத்தில் குறி இருக்கிறது, கீழே எழுத்தர் எந்தத் தேதியில் பதிந்திருக்கிறார் என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

மேலே போன இரண்டு வழக்குகள்

சாண்டா கிளாராவின் மேல்முறையீடு ஆறாவது மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே இந்தத் தகராறு இரண்டாகப் பிரிந்தது, இரண்டிலும் ஒரே நாளில், 2022 ஆகஸ்ட் 5 அன்று, தீர்ப்பு வந்தது.

ஒன்று சுலபமானது. பொறியாளர் வேலையில் சேர்ந்தபோது தகராறு வந்தால் தனியார் நடுவரிடம்தான் போவேன் என்று கையெழுத்திட்டிருந்தார், ஆகவே வழக்கை அங்கே அனுப்புங்கள் என்றது சிஸ்கோ. அந்த ஒப்பந்தத்தில் அரசுத் துறை கையெழுத்துப் போடவில்லையே, அதை எப்படிக் கட்டாயப்படுத்துவது என்று கவுன்டி நீதிமன்றமும் மறுத்தது, மேலேயும் மறுத்தார்கள். கேஸ் கட்டு நமக்குத் திறந்திருப்பதற்கே இந்தத் தீர்ப்புதான் காரணம் என்று சொல்லலாம். நடுவரிடம் போயிருந்தால் பதிவேடும் கிடையாது, போர்ட்டலும் கிடையாது, கதவைச் சாத்திக்கொண்டு பேசி முடித்திருப்பார்கள்.

இரண்டாவதுதான் இந்த வழக்கின் உயிர்நாடி என்று நான் நினைக்கிறேன். பொறியாளரை ஜான் டோ என்றே குறிப்பிட அனுமதி வேண்டும் என்று துறை கேட்டது. பெயர் வெளியே வந்தால் அவருடைய சாதி என்றென்றைக்கும் பொதுப் பதிவில் ஏறிவிடும், இந்தியாவில் இருக்கும் குடும்பத்துக்கு ஆபத்து வரும் என்பது வாதம். கவுன்டி நீதிமன்றம் மறுத்தது. துறை ரிட் மனுவோடு மேலே போனது. இங்கே தேடுபவர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ரிட் என்று வந்துவிட்டால் கீழ் நீதிமன்றமே எதிர்மனுதாரர் ஆகிவிடும். வழக்கின் தலைப்பு "துறை எதிர் சாண்டா கிளாரா மேல்நிலை நீதிமன்றம்" என்று மாறி, சிஸ்கோ உண்மையான நலன் கொண்ட தரப்பு என்ற பெயரில் கீழே இறங்கிவிடும். தீர்ப்புத் திரட்டில் சிஸ்கோ என்ற தலைப்பை மட்டும் தேடினால் நடுவர் விஷயத்தில் வந்த தீர்ப்பு கிடைக்கும், இது நழுவிவிடும்.

மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது இரண்டு பக்கமும் கூரானது. குடும்பத்துக்கு வரக்கூடிய தீங்கு கலிஃபோர்னியாவுக்கு வெளியே, கடல் கடந்து நடக்கும் என்பதற்காக அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டது தவறு, மறுபடி விசாரியுங்கள் என்று கீழே அனுப்பியது. அதே மூச்சில், பெயரை மறைத்து வழக்காடுவது மிக அரிதாகவே அனுமதிக்கப்பட வேண்டும், பொதுமக்களின் பார்க்கும் உரிமை பெரியது, அதையும் மிஞ்சுகிற நலன் இருக்கிறதா என்று விசாரணை நடத்தித்தான் முடிவெடுக்க வேண்டும் என்றும் எழுதியது. ஆவணங்களுக்கு முத்திரையிட்டு மூட என்ன அளவுகோலோ கிட்டத்தட்ட அதே அளவுகோல். பெயரை மறைக்கலாம் என்று அந்த நீதிமன்றம் தானாகத் தீர்ப்புச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

திறந்த பதிவு நல்லது என்று இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருக்கிற எனக்கு இந்த இடத்தில் கொஞ்சம் நெருடுகிறது. சாண்டா கிளாரா போர்ட்டலை மதுரையிலிருந்தும் திறக்கலாம், பாட்னாவிலிருந்தும் திறக்கலாம். பெயர் தெரிந்தால் ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் தெரு தெரியும், நம் சமூகத்தில் அதற்கு மேல் யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் குற்றம் சாட்டப்பட்ட இரண்டு மேலாளர்களின் பெயர் முதல் நாளிலிருந்தே பிராதில் இருந்தது, பின்னால் அவர்கள் மீதான வழக்கு வாபஸ் ஆன பிறகும் அந்தத் தாள்கள் அப்படியேதான் கிடக்கும். பிராதில் உள்ளது குற்றச்சாட்டு, நிரூபணம் இல்லை. ஒரு தரப்புக்குப் பெயர் மறைப்பு, இன்னொரு தரப்புக்கு இல்லை என்ற ஆத்திரம் எதிர்முகாமில் ஏன் அவ்வளவு பலமாக இருந்தது என்பது கட்டைப் படித்தால்தான் புரியும். ஹிந்து அமெரிக்கன் ஃபவுண்டேஷன் அமைப்பு 2022 செப்டம்பரில் அந்தத் துறை மீதே சாக்ரமென்டோ ஃபெடரல் நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட்டது. அது இந்தக் கட்டில் இருக்காது, வேறு கட்டு.

ஃபெடரல் தாள்களுக்கு பேசர் என்ற மத்தியத் தளம். பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர், மூன்று மாதத்துக்கு மொத்தம் 30 டாலருக்குள் அடங்கினால் அந்தக் கட்டணமும் தள்ளுபடி. வாசகர்கள் ஏற்கெனவே இறக்கி வைத்த பிரதிகள் கோர்ட்லிசனர் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். முதலில் அங்கே பாருங்கள்.

கட்டில் இல்லாதவை

எல்லாமே கட்டில் இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். மின்னஞ்சல்கள், மனிதவளப் பிரிவின் விசாரணை அறிக்கை, சாட்சிகளிடம் வக்கீல்கள் எடுத்த வாக்குமூலம், இவையெல்லாம் கலிஃபோர்னியாவில் தரப்புகளுக்குள் பரிமாறிக்கொள்வதோடு சரி, நீதிமன்றத்தில் தாக்கல் ஆகாது. யாராவது ஒரு மனுவோடு இணைப்பாகச் சேர்த்தால்தான் பொதுப் பார்வைக்கு வரும். அதனால் பெரிய மனுக்களோடு வரும் வக்கீலின் உறுதிமொழித் தாளையும் அதன் இணைப்புகளையும் விடாமல் திறக்க வேண்டும், சுவாரஸ்யமான சரக்கு அங்கேதான். நிறுவனம் ரகசியம் என்று சொல்லி மூடக் கேட்டால், கறுப்பு மை பூசிய பொதுப் பிரதி ஒன்று கட்டில் இருக்கும், மூடும் உத்தரவில் அதற்கான காரணங்களை நீதிபதி எழுதியிருக்க வேண்டும். அந்த உத்தரவு பொதுவானது, கேட்டு வாங்கலாம்.

நீதிபதியின் தற்காலிகக் கருத்து விசாரணைக்கு முந்தைய நீதிமன்ற நாளில் தளத்தில் வரும். பார்த்தால் உடனே சேமித்துக்கொள்ளுங்கள், அடுத்து வருவது அதை அழித்துவிடும். விசாரணையில் பேசியதன் எழுத்து வடிவம் வேண்டுமென்றால் அது எழுத்தரிடம் கிடைக்காது, சுருக்கெழுத்தாளரிடம் காசு கொடுத்து வாங்க வேண்டும், வாங்கியதைப் பிறருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கவும் சட்டம் இடம் தராது. வாடகை வீட்டை விட்டு வெளியேற்றும் வழக்குகள் முதல் 60 நாள் மூடியிருக்கும், அதற்குள் வீட்டுக்காரர் ஜெயிக்காவிட்டால் மூடியபடியே இருந்துவிடும். துன்புறுத்தல் தடை உத்தரவு, குடும்ப வழக்கு இவற்றின் தாள்களை வீட்டிலிருந்து பார்க்க முடியாது, நேரில் போக வேண்டும்.

காசும் கவுன்ட்டரும்

போர்ட்டலில் இல்லாத பழைய தாளோ முத்திரையிட்ட சான்றிட்ட நகலோ வேண்டும் என்றால்தான் நேரில் போவதோ தபால் அனுப்புவதோ தேவைப்படும். கட்டணம் மாநிலச் சட்டப்படி: சாதாரண நகல் பக்கத்துக்கு 50 சென்ட், சான்றிட 40 டாலர், ஊழியர் தேட 10 நிமிடத்துக்கு மேல் ஆனால் 15 டாலர். அதனால்தான் வழக்கு எண், தாளின் பெயர், தாக்கல் தேதி மூன்றையும் எழுதிக்கொண்டு போகச் சொல்கிறேன். "சிஸ்கோ கேஸ் எல்லாம் வேண்டும்" என்று கேட்டால் நூற்றுக்கணக்கான பக்கத்துக்குக் காசு கேட்பார்கள், கேட்பதும் நியாயம். "இந்தத் தேதியில் தாக்கலான வாபஸ் கோரிக்கைப் படிவம்" என்று கேட்டால் ஒரு டாலரில் முடிந்துவிடும்.

தபாலில் கேட்பவர்களுக்கு ஒரு பழைய வித்தை இருக்கிறது. எத்தனை பக்கம் என்று தெரியாது, ஆகவே எவ்வளவுக்கு செக் எழுதுவது என்றும் தெரியாது. தொகையைக் காலியாக விட்டு, "20 டாலருக்கு மிகாமல்" என்று செக்கிலேயே எழுதி அனுப்பலாம்; எழுத்தர் கணக்குப் பார்த்து நிரப்பிக்கொள்வார். தபால்தலை ஒட்டிய சுயமுகவரி உறையைக் கூட வைக்க மறந்தால் கோரிக்கை தேங்கிவிடும்.

இந்தியாவில் காட்ட வேண்டிய தாள் என்றால் வெறும் நகல் போதாது. சான்றிட்ட நகல் வாங்கி, அதற்குக் கலிஃபோர்னியா மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில் என்ற, வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் முத்திரை வாங்க வேண்டும், 20 டாலர். இந்தியா 2005 முதல் அப்போஸ்டில் சர்வதேச ஒப்பந்தத்தில் இருப்பதால் தூதரகத்துக்கு அலைய வேண்டியதில்லை.

ரொம்பத் தள்ளிப் போடாதீர்கள் என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. வரம்பற்ற சிவில் வழக்கில் இறுதித் தீர்ப்பை நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். மற்ற தாள்களுக்கு வழக்கு முடிந்த பிறகு 10 ஆண்டுதான், அதற்குமேல் நீதிமன்றம் அழிக்கலாம். விசாரணையில் காட்டிய சான்றுப் பொருட்கள் அதற்கும் முன்னாலேயே தரப்புகளிடம் திரும்பிப் போய்விடும். வழக்கு தீர்ப்பு இல்லாமல், சமரசத்திலோ வாபஸிலோ முடிந்தால் நிரந்தரமாக வைக்கத் தீர்ப்பு என்று ஒன்றே இருக்காது, வரலாற்று ஆய்வுக்கென்று மாதிரி எடுத்து வைக்கும் திட்டத்தில் அந்தக் கட்டு அகப்பட்டால் ஒழிய. 20 சி.வி. 372366-ல் உங்களுக்கு வேண்டிய தாள் எதுவோ அதை இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.